சிவகாசியின் முதல் விக்காக்காரன்

என் மனைவியை ஒரு தடவையாவது பயமுறுத்திப் பார்த்துவிடுவது என்று ஒரு புரட்டாசி மாதம் நான் முடிவு செய்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆசை எனக்கு உண்டு. வாய்ப்புத்தான் அமையவில்லை. அவள் பெயர் பத்திரகாளி. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பயப்படுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. விருதுநகரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். பி.ஏ. ஆங்கில இலக்கியம். பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுத்த கை. அதே கையால்தான் எனக்குக் காப்பியும் தருகிறாள். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வாள்.

நான் நல்லசிவம். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடிப்போம். முன்னால் அச்சகம், பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகச் சாப்பாடு இருபுறமும் போகும். அதிகாரம் ஒரே திசையில்தான் வரும்.

படிப்பு எனக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆங்கிலம் தெரியும். எல்லாம் பட்டாசு லேபிள் அடித்து அடித்துக் கற்றது. 'திரியைப் பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்பதை ஆங்கிலத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதை வாழ்க்கையில் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அச்சகத்தில் எனக்கென்று இருந்தது ஒரு சுழல் நாற்காலி. மிஷினை பாலகுரு பார்த்துக்கொள்வான். மடிப்பு, பைண்டிங் வேலைக்கு வரும் பெண்களைப் பத்திரகாளி பார்த்துக்கொள்வாள். பார்ட்டிகளிடம் பேசுவதும் அவள்தான். நாற்காலியை நான் பார்த்துக்கொண்டேன். அதில் உட்கார்ந்து செல்போனில் பாம்பு விளையாடுவேன். யாராவது வந்தால் பாம்பை நிறுத்திவிட்டு, "அம்மா உள்ள இருக்காக" என்பேன். அற்பமான வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது உயிர். அதில் உட்கார்ந்திருக்கும் வரை நான் மொதலாளி. எழுந்துவிட்டால் பத்திரகாளி வீட்டுக்காரர்.

அந்த நாற்காலிக்குத்தான் ஒரு காலையில் ஆபத்து வந்தது. தோசையோடு சேர்ந்து வந்தது.

"தனுஷ்கோடி மாதிரி ஒரு ஆளு ஆபீஸ்ல உக்காந்தா எம்புட்டு நல்லாருக்கும்" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

தனுஷ்கோடி அவள் தம்பி. நல்ல பையன். நன்றாகப் பேசுவான். என்னைவிட நன்றாக என்பதுதான் அவனிடம் எனக்குள்ள ஒரே குறை.

"எந்த ஆபீஸ்ல?"

"நமக்கு எத்தன ஆபீஸ் இருக்கு?"

"அங்கன ஒரு நாக்காலிதான இருக்கு?"

"ஆமா. ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப நான் எங்கன உக்கார?"

"உக்காந்து என்ன செய்யப் போறீக? சட்னி வைக்கவா?"

"எப்ப?"

"சட்னியா?"

"சட்னி இல்ல. நாக்காலி."

"புரட்டாசி கழியட்டும். நல்ல நாள் பாப்போம்."

அந்தத் தோசை எனக்கு இறங்கவில்லை. தனுஷ்கோடிக்குப் போன் போட்டு விசாரிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போன் போட்டால், "எப்ப வரட்டும் அத்தான்?" என்று கேட்டுவிடுவான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைப்பானேன்? இங்கே வெண்ணெயும் இல்லை, தாழியும் என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் லண்டன் ஆர்டர் வந்தது. சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் வந்த சின்ன ஆங்கிலப் புத்தகம். 'விக்கா' என்று ஒரு மதமாம். அதற்கு ஓர் அறிமுகம். பாலகுரு அதன் அச்சுப் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"மொதலாளி, புத்தகத்துக்குப் பேரே விக்காவாம். வெளங்குமா?"

"ஏன்லே?"

"விக்கும்னு நம்பி அடிச்ச காலண்டரே விக்க மாட்டேங்குது. இவுக விக்கான்னே வச்சிருக்காகளே."

"விக்காட்டி நமக்கென்னலே? நாம அடிக்கிறவுக. வாங்குறவன் பாடு."

பெரிய ஷீட்டில் பல பக்கங்களைச் சேர்த்து ஒரு புறம் மட்டும் ஓட்டி, மை காயப் போட்டுவிட்டான். மறுபுறம் மறுநாள்தான். அச்சகத்தில் இதுதான் முறை. ஒரு ஷீட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனேன். ஒழுங்காக மை விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் கொட்டை எழுத்தில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது.

'அவர்கள் சாத்தானை வணங்குகிறார்கள்.'

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்காலி அரை வட்டம் சுழன்றது. எழுத்துக்கூட்டி அடுத்த வரியைப் படித்தேன். 'எதிரிகளுக்குச் சாபமிடுகிறார்கள்.' அதற்கடுத்து, 'எப்போதும் கறுப்பு உடை அணிகிறார்கள்.' பிறகு, 'ஐந்து முனை நட்சத்திரம் வரைந்து தீய சக்திகளை அழைக்கிறார்கள்.' இப்படியே ஒரு பக்கம் முழுக்க. ஆடையில்லாமல் ஆடுவது பற்றியும் ஒரு வரி இருந்தது. சிவகாசிக் கொசுவை நினைத்து அதை மட்டும் விட்டுவிட்டேன்.

என் பிரச்சினைக்கு லண்டனிலிருந்து பரிகாரம் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. நம்மூர் மந்திரவாதி எவனைப் பிடித்தாலும் பத்திரகாளிக்குத் தெரிந்தவனாக இருப்பான். அவள் அப்பாவிடம் வத்தல் வாங்கியவனாகவும் இருப்பான். இது வெளிநாட்டுச் சரக்கு. இதில் சேர்ந்துவிட்டேன், என் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் சாபம் என்று சொன்னால் அவள் மிரள்வாள். தம்பி மேல் உயிர். அவனை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள்.

முதலில் கறுப்பு உடை. மறுநாள் காலையில் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டோடு தெருவில் இறங்கினேன். மக்கள் மிரண்டு ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"சாமி சரணம்!" என்றார் டீக்கடைக்காரர்.

"நான் சாமி இல்லைங்க."

"மாலை போட்டவுக அப்படித்தான் சொல்வீக. என்ன சாமி, கார்த்திகையே பொறக்கலையே, அதுக்குள்ளயா? கன்னிச்சாமியா?"

கும்பிட்டுவிட்டு டீ கிளாஸை இன்னொரு தடவை கழுவிக் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பீடியை மறைத்துக்கொண்டார்கள். லோடு ஏற்ற வந்தவன் காலில் விழப் பார்த்தான். சபரிமலை ஐயப்பன் எனக்கு முன்னாலேயே கறுப்பைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பத்திரகாளி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பில் இருந்த மட்டனை அப்படியே தூக்கி மாரித்தாய் கையில் கொடுத்தாள். மாரித்தாய் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் மடிப்பு வேலைக்கு வருகிறவள்.

"ஏ பத்திரகாளி, அது எனக்கு வச்சதுதான?"

"சாமிக்கு எதுக்கு மட்டன்?"

"நான் மாலை போடல."

"வேட்டி கட்டிட்டீகல்ல, மாலைய எப்ப வேணாலும் போட்டுக்கலாம். வெரதம்னா வெரதந்தான். கட்டில்ல படுக்கப்பிடாது. விடியக்காலைல பச்சைத்தண்ணில குளிக்கணும். பாயும் சொம்பும் வெளிய எடுத்து வச்சிருக்கேன்."

இரண்டு நாள் தயிர்சாதமும் பச்சைத்தண்ணியும் என்னைப் பக்குவப்படுத்தின. அதாவது, சளி பிடித்தது. சுற்றி வளைத்துப் பயனில்லை, நேரடியாக இறங்கிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து மிஷின் நின்றதும் ஆபீஸ் அறைக்குள் போனேன். நாற்காலியைச் சுற்றித் தரையில் பெரிதாக ஐந்து முனை நட்சத்திரம் வரைந்தேன். சாக்பீஸ் கிடைக்காததால் மிஷின் மையையே தொட்டு விரலால் வரைந்தேன். மெஜந்தா. பார்ப்பதற்கு ரத்தம் போலவே இருந்தது. முனைக்கு ஒரு மெழுகுவத்தி வைத்தேன். சாம்பிராணி போட்டேன். நடுவில் நாற்காலியில் கறுப்புத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எட்டிப்பார்த்தது வேனுக்குக் கிளம்பிய மாரித்தாய்.

"என்ன மொதலாளி, ஸ்டாரு? புதுப் பூச்சட்டி லேபிளா?"

"போ அங்கிட்டு!"

"கலர் நல்லா எடுப்பா இருக்கு. அஞ்சுல ஒரு மூல கோணலா இருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, "அக்கா, சாமி உங்களத் தேடுறாக!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்திரகாளி வந்தாள். வாசலில் நின்றாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேராக வந்து, பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"கூறு இருக்கா? சுத்தி இம்புட்டுப் பேப்பரு. வெளிய பாத்தா ஊரெல்லாம் வெடி. நடுவுல உக்காந்து தீ வளக்குறீகளே!"

"பக்கத்துல வராத! நான் பழைய நல்லசிவம் இல்ல."

"பின்ன?"

"நான் இப்ப விக்கா."

"விக்கலா? தண்ணி தரவா?"

"விக்கல் இல்ல. விக்..." சாம்பிராணிப் புகை சரியாக அந்த நேரம் தொண்டையில் இறங்கியது. "...க்!"

"அதத்தான் சொன்னேன். மூச்சப் பிடிங்க."

மூச்சைப் பிடித்தேன். மந்திரவாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், பலியாக வேண்டியவள் நெஞ்சைத் தடவிவிடுவதும் அவ்வளவு கம்பீரமாக இருக்காது. விக்கல் நின்றதும் குரலைத் தாழ்த்தினேன்.

"இந்த நாக்காலில என்னத் தவிர எவன் உக்காந்தாலும் ரத்தம் கக்கிச் சாவான். சாத்தான் மேல ஆணை!"

"எந்தச் சாத்தா மேல?"

"என்னது?"

"எங்க குலசாமிச் சாத்தாவா, உங்க குலசாமிச் சாத்தாவா? பங்குனி உத்திரத்துக்குக் கூப்பிட்டாக்கூடச் சாத்தா கோயிலுக்கு வர மாட்டீக. இப்ப மட்டும் என்ன ஆணை?"

"சாத்தா இல்ல. சாத்தான். கடைசில ஒரு 'ன்' இருக்கு."

"ஒரு 'ன்' சேந்ததும் கெட்டவராயிட்டாரா? சரி, அவரு எப்படி விக்காவுக்குள்ள வந்தாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விக்கா என்ற சொல்லை அவள் பாலகுருவைப் போல அல்லாமல், தெரிந்தவர் வீட்டுப் பெயர் போலச் சொன்னாள்.

"அவரத்தான கும்பிடுறாக? புத்தகத்துலயே போட்டிருக்கு. கொட்டை எழுத்துல!"

"எந்தப் பக்கத்துல?"

"எட்டாம் பக்கம்."

"ஏழாம் பக்கம் படிச்சீகளா?"

"ஏழாம் பக்கம் அதுல இல்லையே."

"எங்கன இருக்கு?"

யோசித்தேன். பரம்பரையாக அச்சுத் தொழில். அப்பா காலத்திலிருந்து ஷீட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஏழாம் பக்கம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பின்னால" என்றேன்.

"பின்பக்கம் எப்ப அடிச்சது?"

"மறுநாள்."

பத்திரகாளி கையில் அந்த ஷீட்டை இருபுறமும் அடித்து மடித்த ஃபாரம் ஒன்று இருந்தது. அதைப் பிரித்து ஏழாம் பக்கத்தை நீட்டினாள். அதன் அடியில் இப்படி இருந்தது: 'எங்களைப் பற்றி மக்கள் நம்பிக்கொண்டிருக்கும் பொய்கள் வருமாறு.' எட்டாம் பக்கம் அடுத்துத் தொடங்கியது.

பொய்கள். நான் மனப்பாடம் செய்தது முழுக்கப் பொய்கள். ஷீட்டையும் மடக்கி என்னையும் மடக்கிவிட்டாள்.

"பத்தாம் பக்கத்துல பதிலும் போட்டிருக்கு" என்று அவள் நிதானமாகத் தொடர்ந்தாள். "சாத்தான்ங்கிறதே அவுககிட்டக் கெடையாதாம். சாமியும் உண்டு, அம்மனும் உண்டு. நெலாவ, வெயில, மழைய, மரத்தக் கும்பிடுறாக. வருசத்துல எட்டுத் திருவிழா. வெதைப்புக்கு ஒண்ணு, அறுப்புக்கு ஒண்ணு. இந்த ஸ்டாரு கெட்ட ஆவிக்கு இல்ல. நெலம், தண்ணி, தீ, காத்து, அஞ்சாவது ஆன்மா. நம்ம பஞ்சபூதம் மாதிரி. ஆடு, கோழி வெட்டுறது கூடக் கெடையாதாம். நம்ம ஊருச் சாமியே அம்புட்டுச் சைவம் கெடையாது."

"கறுப்பு வேட்டி?"

"அவுகவுக இஷ்டமாம். நீங்க பச்சைல கட்டிருந்தா மட்டனாவது மிஞ்சிருக்கும்."

"சாபம்?"

"யாருக்கும் கெடுதல் செய்யாதங்கிறதுதான் அவுக மொத சட்டமே. அது போக இன்னொண்ணு. அவுகள்ல நெறையப் பேரு நம்புறாகளாம். நாம ஒருத்தருக்கு என்ன செய்யுறமோ, அது மூணு மடங்காத் திரும்பி நமக்கே வரும்."

"மூணு மடங்கா?"

"நல்லது செஞ்சா நல்லது. நீங்க என்ன சொன்னீக? ரத்தம் கக்கி...?"

எனக்கு உடனே தொண்டை கரகரத்தது. சளி இருமலாகி, இருமலை அடக்கக் கையை வாயில் பொத்தினேன். எடுத்துப் பார்த்தேன். கை முழுக்கச் சிவப்பு. துண்டால் உதட்டைத் துடைத்தேன். உதட்டிலும் இருந்தது.

"ரத்தம்! பத்திரகாளி, ரத்தம்! டாக்டரக் கூப்பிடு! உன் தம்பி நல்லா இருக்கட்டும்! நூறு வருசம் இருக்கட்டும்! சாபத்த வாபஸ் வாங்கிக்கிறேன்!"

அவள் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"மெஜந்தா" என்றாள். "மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாப் போயிரும்."

துடைத்தாள். உதட்டுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். "எனக்கு அந்த நாக்காலிதான் இருக்கு பத்திரகாளி. உன் தம்பி வந்து உக்காந்துட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

அவள் ஃபாரத்தை மறுபடி பிரித்தாள்.

"சரி, விக்காவுல சேந்துட்டேன்னு சொன்னீகல்ல? அது நெசமா, அதுவும் பொய்யா?"

மட்டனும் போய், மானமும் போய், கொள்கையாவது மிஞ்சட்டுமே என்று நினைத்தேன். "நெசந்தான்."

"அப்பப் பதினாலாம் பக்கம் கேளுங்க. பல கூட்டத்துல தலைமைப் பூசாரி பொம்பளையாம்."

"ஆம்பள?"

"பக்கத்துல நிப்பாராம்."

"உக்கார மாட்டாரா?"

"நிப்பாருன்னுதான் போட்டிருக்கு."

அப்போதுதான் என் மூளையில் பொறி தட்டியது. அபூர்வமாகத் தட்டும். தட்டும்போது பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப இங்கன தல யாரு? நீதான? தல இருக்கைல தம்பி எதுக்கு? நாக்காலில நீயே உக்காரு!" என்று எழுந்துவிட்டேன்.

"நானா? எனக்கு எதுக்குங்க அது?"

"இல்ல, நீதான் உக்காரணும். என் மத வழக்கம் அது!"

"மடிப்பு வேலைய யாரு பாப்பா?"

"நான் பாக்குறேன்! நின்னுக்கிட்டே பாக்குறேன்!"

"ஊரு என்ன சொல்லும்? புருசன எழுப்பிவிட்டுட்டா பாருன்னு பேசாதா?"

"நானே சொல்றேன், ஊரு யாரு? உக்காரு பத்திரகாளி. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

"நீங்க இம்புட்டுச் சொல்றதால" என்று பெருமூச்சு விட்டு, முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு ஆடவில்லை, சுழலவில்லை. நேராக மேஜையைப் பார்த்து நின்றது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு தரையில் குந்தி, நட்சத்திரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கோணல் மூலை மட்டும் கடைசிவரை போகவே இல்லை.

தனுஷ்கோடி வரப்போவதில்லை. மொதலாளி நாற்காலி குடும்பத்தை விட்டுப் போகவில்லை. மறுநாளே கட்டிலும், ஞாயிற்றுக்கிழமை மட்டனும் திரும்பி வந்தன. மடிப்பு அறையில் மாரித்தாய் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தாள். "ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடிங்க மொதலாளி" என்பாள். கால் வலித்தது. ஆனால் ஒரு தந்திரத்தால் மச்சினனைத் தடுத்து நிறுத்தியவன் என்ற நிம்மதி இருந்தது.

தீபாவளியன்று காலையில் தனுஷ்கோடி போன் செய்தான். ஆபத்து நீங்கிவிட்டதால் நானே தைரியமாக எடுத்தேன்.

"என்ன தனுஷ்கோடி, வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"எதுக்கு அத்தான்?"

"இங்க ஆபீஸ்ல வந்து உக்கார முடியாமப் போச்சேன்னு."

"நான் எதுக்கு அத்தான் அங்க வர்றேன்? திருப்பூர்ல பனியன் கம்பெனில மேனேஜராகி மூணு மாசமாச்சு. போனஸ் கொடுத்து முடிக்கவே நேரமில்ல. அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேனே!"

போனை வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். தீபாவளியன்றும் பத்திரகாளி நாற்காலியில்தான் இருந்தாள். காலண்டர் பார்ட்டி ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று பக்கத்தில் நின்றேன்.

"உன் தம்பி வர்றதாச் சொல்லவே இல்லையாமே? அவனுக்குத் திருப்பூர்ல வேலையாமே?"

"ஆமா. அவன மாதிரி ஒரு ஆளு உக்காந்தா நல்லாருக்கும்னுதான சொன்னேன். அவன் வருவான்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப நான் நாக்காலிய விட்டுக் கொடுத்தது?"

அவள் அடுத்த நம்பரை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"தம்பி வரலைல்ல? உங்க மந்திரம் பலிச்சிருச்சுன்னு வச்சுக்கங்க."